இன்னும் இருபது விநாடி

செத்துப்போன அண்ணனின் போனுக்கு யாராவது மாதாமாதம் ரீசார்ஜ் செய்வார்களா? இளமதி செய்வாள். சார்ஜ் போடுவாள், ஸ்கிரீனைத் துடைப்பாள், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள். எல்லாம் அம்மாவுக்காக. தினமும் காலை பதினோரு மணிக்கு ஜெயராணி அந்த நம்பருக்கு ஒரு தடவை அடிப்பாள். ரிங் போக வேண்டும்... அவ்வளவுதான். யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அது இளவரசு இல்லை என்று தெரிந்துவிடுமே! முழு ரிங்கும் போய் அடங்கிய பிறகுதான் அம்மா உலை வைப்பாள். பதினோரு மாதமாக அந்த வீட்டு வழக்கம் இது.

அன்றைக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ் புறப்படும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. காலை ஏழே முக்காலுக்கு லைட் போட்டு ஓட்டினார் டிரைவர். ஆலப்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தடதடவென்று ஷட்டர்களை இறக்கினார்கள். பஸ்ஸுக்குள் ஈரத்துணி வாடை, பூ வாடை, பாதி இருட்டு.

கைப்பைக்குள் அண்ணனின் போன் அதிர்ந்தது.

இளமதிக்குத் திக்கென்றது. பதினோரு மணிக்கு இன்னும் எத்தனை நேரம் கிடக்கிறது! அம்மாவைத் தவிர அந்த நம்பருக்கு அடிக்க யார் இருக்கிறார்கள்? எடுத்துப் பார்த்தாள்.

'உங்கள் வாட்ச் இணைந்தது.'

கீழே ஒரு சின்னச் சிவப்பு இதயம். அதன் பக்கத்தில் 72. இதயம் துடித்துக்கொண்டிருந்தது...

அந்த வாட்சை அவளுக்குத் தெரியும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த இளவரசுவுக்குக் கடலுக்கடியில் முங்குவதென்றால் பைத்தியம். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கையில் அந்த ஸ்மார்ட்வாட்சோடு இறங்குவான். எத்தனை ஆழம், எவ்வளவு நேரம், எப்போது மேலே வரலாம் என்று எல்லாவற்றையும் அதுதான் சொல்லும். மேலே வந்ததும் அத்தனையும் போனில் பதிவாகிவிடும். போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வந்த நண்பர்கள் இருவரும் அலையில் தலைசுற்றிப் படகிலேயே படுத்துவிட, தனியாக இறங்கினான். மூன்றாம் நாள் சாமியார்பேட்டையில் கரை ஒதுங்கினான். கையில் வாட்ச் இல்லை. அது இருந்த இடம் மட்டும் மணிக்கட்டைச் சுற்றி வெளுப்பாக இருந்தது. அந்த வெளுப்பை இளமதி இன்னும் மறக்கவில்லை.

"அண்ணா..." வாய் விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து சீட் அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

ஒரே ஒரு நொடி... அந்த ஒரு நொடியில் அவளுக்குள் என்னென்ன எழுந்து அடங்கின என்று எழுத எனக்குத் தெம்பில்லை. அவன் சாகவே இல்லை, கரை ஒதுங்கியது வேறு யாரோ, இதோ இந்த மழையில் எங்கோ பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறான்...

இல்லை. எழுபத்திரண்டு.

இளமதிக்குச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கும் வேலை. படிக்கும்போது பழகிப் பார்க்க அவளுக்குக் கிடைத்த ஆள் அண்ணன்தான். எத்தனை தடவை படுக்க வைத்து எடுத்தாலும் நிமிஷத்துக்கு ஐம்பத்தெட்டு. "நீச்சல்காரன் நெஞ்சுடி இது, அவசரமே படாது" என்று சிரிப்பான். இது அண்ணன் இல்லை. அப்படியானால் வேறு யாரோ! வாட்சும் போனும் இணைய வேண்டுமென்றால் பத்தடி இருபதடிக்குள் இருக்க வேண்டும். இந்த பஸ்ஸுக்குள் எவனோ அண்ணனின் வாட்சைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். கறுப்புக் கயிறு கட்டிய கை, வளையல் கை, தூங்கி வழிகிற கை. கடைசி சீட்டில் கண்டக்டர் ஒருவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பஸ்ல சிலிண்டர் ஏத்தக் கூடாதுன்னு எத்தினி தடவை சொல்றது?"

"கேஸ் இல்லண்ணே, காத்து. வெறும் காத்து. கடலூர்ல புடிச்சுக்கிட்டுப் போறேன். ஊர்ல இல்லாத காத்தான்னு கேக்காதீங்க, நானே சொல்லிடறேன்... இல்லதான்!"

சாக்கில் சுற்றிய சிலிண்டரை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சிரித்தான் அவன். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டிருந்தான். இடது மணிக்கட்டில்... அதுதான். பட்டை மட்டும் வேறு. பச்சை வலைநூலை ஜடை மாதிரிப் பின்னிக் கட்டியிருந்தான்.

அவன் நிமிர்ந்தான். உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டுச் சிவந்த கண்கள். ஆனால் என்ன கண்கள்! மழை இருட்டிலும் உள்ளே ஒரு வெளிச்சம். இளமதி போனைப் பார்த்தாள். 79... 88...

இதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழை நாளில், நடு பஸ்ஸில் ஒரு பெண் வந்து நின்று உங்களையே வெறித்துப் பார்த்தால் உங்களுக்கு ஏறாதா?

"என்னங்க... உக்காரணுமா? எடம் இருக்குது, வாங்க." நகர்ந்து உட்கார்ந்தான். 94.

"இந்த வாட்ச் யாருது?"

அவன் சிரிப்பு நின்றது. சட்டென்று எழுந்தே விட்டான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல... 110.

"ஏங்க, உங்களுக்கு இது..."

"எங்க அண்ணனுது! செத்துக் கெடந்தவன் கையிலேருந்து கழட்டி எடுத்தியா? பொணத்துக்கிட்டத் திருடித் திங்கறதுக்கு வெக்கமா இல்ல?"

பஸ் மொத்தமும் திரும்பியது. "அடப்பாவி!" என்றாள் பூக்கூடைக்காரி. "வண்டியை ஸ்டேஷனுக்கு விடுய்யா" என்றார் இன்னொருவர்.

"ஒரு நிமிஷங்க. நான் சொல்றதை..."

"திருடன்கிட்ட எனக்கு என்ன பேச்சு?"

அவன் முகம் செத்துவிட்டது. பச்சை நூலை அவிழ்த்தான், வாட்சை அவள் உள்ளங்கையில் வைத்தான். அது சூடாக இருந்தது.

"உங்களுதுன்னா வெச்சுக்குங்க. தேடி வந்து கேக்கணும்னுதான் நானும் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இப்படிக் கேப்பாங்கன்னு நெனைக்கலை."

பி.முட்லூரில் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டான். இளமதி போனைப் பார்த்தாள். 110 இருந்த இடத்தில் இப்போது இரண்டு சின்னக் கோடுகள். துடித்துக்கொண்டிருந்த இதயம் நின்றுபோயிருந்தது. தன் கையாலேயே எதையோ இரண்டாம் தடவை கொன்றுவிட்டது போல அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

*

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி மேஜை டிராயரில் அண்ணனின் போன் அடித்தது. கூடவே இன்னொன்றும் அதிர்ந்தது. வாட்ச்! சின்ன ஸ்கிரீனில் எழுத்துகள் ஒளிர்ந்தன: 'அம்மா அழைக்கிறார்.'

பதினோரு மாதமாக அம்மா யாருக்கு அடித்துக்கொண்டிருந்தாளோ, அந்தக் கைக்கு இன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் கைதான் இல்லை... இளமதி டிராயரை மூடிவிட்டு, முழு ரிங்கும் அடங்கும் வரை அதன்மேல் கையை அழுத்திக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் போனைத் திறந்தாள். பஸ்ஸிலேயே வாட்சிலிருந்து எல்லாப் பதிவும் போனுக்குள் இறங்கியிருந்தது. அண்ணன் இருந்தபோது டைவ் கணக்கு நாற்பத்தாறோடு நின்றிருந்தது. இப்போது அறுபத்தொன்று! நாற்பத்தேழாவது, அண்ணன் போன அந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு பதினான்கு. பதினான்கும் ஞாயிறு. மேப்பைத் தொட்டாள். கடலுக்கு நடுவில் ஒரே ஒரு புள்ளி. பதினைந்து டைவும் ஒரே புள்ளியில்.

அண்ணன் செத்த இடத்துக்கு இவன் எதற்குத் திரும்பத் திரும்பப் போகிறான்?

நாற்பத்தேழாவதைத் திறந்தாள். நீலத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு. நாளெல்லாம் கோடு பார்க்கிறவள்தான். ஆனால் இந்தக் கோடு அவளுக்குப் பிடிபடவில்லை. அதைவிடப் படிக்கவே பயமாக இருந்தது. ஏனென்றால்...

சொல்லிவிடுகிறேன். அவள் யாரிடமும் சொல்லாததை நானாவது சொல்ல வேண்டுமே. இளவரசுவுக்கு நிச்சயமான கல்யாணம் நின்று சரியாகப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஊரில் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: 'தெரிஞ்சேதான் எறங்கியிருக்கான்.' அன்று காலை தங்கையின் ஸ்கூட்டரைக் கேட்காமல் எடுத்தான். வழக்கமான சண்டைதான். "எங்கயாவது போய்த் தொலை!" என்று கத்திவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். அவன் போய்த் தொலைந்தான். கடைசியாகக் காதில் விழுந்த வார்த்தை அதுதானா? அதை வைத்துக்கொண்டுதான் இறங்கினானா? பதினோரு மாதமாக அவள் தொண்டையில் முள்ளாகக் கிடப்பது இந்தக் கேள்வி. பதில் அந்த நீலக் கோட்டில் இருக்கிறது. படித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆளை மழையில் இறக்கி விட்டாயிற்று.

மறுநாள் காலையில் கண்டக்டரிடமே கேட்டாள்.

"அவனா? கதிரவன், அன்னங்கோயில் பையன். கடலுக்கடியில அறுந்து கெடக்கிற வலையெல்லாம் முங்கி எடுக்கறவன். மீனு, ஆமையெல்லாம் மாட்டிச் சாவுதுன்னு. அவன் போயி வாட்ச் திருடுவானா? நீ வேறம்மா!" என்றவர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்தார்.

*

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அன்னங்கோயில் போனாள். மீன் இறங்குதளத்துக்கு அந்தப் பக்கம் மலைபோல் பழைய வலை. அதற்குமேல் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தான் கதிரவன். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஃபைபர் படகில் என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர்தான் பேசினார்.

"டேய் மாப்ள, யாரோ வந்திருக்காங்க பாரு."

"பாத்துட்டேன் பக்கிரி மாமா. போலீஸ் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்களான்னு பாருங்க."

இளமதிக்குக் காது சூடாகியது. திரும்பிப் போய்விடலாமா? போகலாம்தான். ஆனால் தொண்டையில் இருக்கிற முள்ளை யார் எடுப்பார்கள்?

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். எங்க அண்ணன் செத்த எடத்துக்குப் பதினாலு தடவை ஏன் போனீங்க?"

கதிரவனின் கை நின்றது. பக்கிரிதான் சொன்னார். "சொல்லுடா. எங்கிட்டப் பொலம்புவியே, அதைச் சொல்லு."

அவன் வலையிலிருந்து இறங்கி வந்தான். கையை நீட்டினான். போனைக் கொடுத்தாள். நாற்பத்தேழாவது டைவ்.

"பிப்ரவரில வலை எடுக்க எறங்கினேன். அந்த வலையிலதான் இது மாட்டிக் கெடந்துச்சு, பட்டை அறுந்து. சும்மா சார்ஜ் போட்டுப் பாத்தேன். உசுரு வந்துச்சு. கடைசி டைவ் தெரிஞ்சுது. யாருன்னு தெரியலை. எந்தக் கரையில விசாரிச்சும் தெரியலை. யாராச்சும் பாத்து 'இது எங்களுது'ன்னு கேக்க மாட்டாங்களான்னு ஏழு மாசமா சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க கேட்டீங்க."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கோட்டைப் பாருங்க. இது கீழ போறது, பதினெட்டு மீட்டர். அவ்ளோ ஆழத்துல ஒடம்புல காத்து ஊறிடும். சட்டுனு மேல வந்தா ரத்தம் சோடா மாதிரி பொங்கிடும். அதான் மெதுவா வரணும். கொஞ்சம் வேகமா வந்தாலும் வாட்ச் அதிரும். இவரு ஏறி வர்றதைப் பாருங்க... ஒரு எடத்துல கூட அதிரலை. அவ்ளோ நிதானம்."

விரல் நகர்ந்தது. நீலக் கோடு ஓரிடத்தில் தரை மாதிரி நேராகக் கிடந்தது.

"இது?"

"அஞ்சு மீட்டர். இங்க மூணு நிமிஷம் நிக்கணும். ஊறின காத்து வெளிய போறதுக்கு. வாட்சே எண்ணிக்கிட்டு வரும். நிக்காம மேல வந்துடவும் செய்யலாம், அவசரக்காரங்க அப்படித்தான் வருவாங்க. உங்க அண்ணன் நின்னிருக்காரு. ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு நின்னிருக்காரு." அவன் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ஏங்க... சாகணும்னு எறங்கினவன், மேல போறப்ப ஒடம்பு கெட்டுடக் கூடாதுன்னு நின்னு எண்ணிக்கிட்டு இருப்பானா?"

இளமதி அப்படியே வலைமேல் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். மீன் ஏலம் போடுகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது.

அவள் அழுது அடங்கியதும் மெதுவாகச் சொன்னான். "இந்த எடத்துலதான் அறுந்த வலை மெதந்து வந்து சுத்தியிருக்கு. செகப்புக் கோடு நாடித்துடிப்பு, குப்புனு ஏறுது பாருங்க. போராடியிருக்காரு, அதுலயே காத்து தீந்திருக்கும். அப்புறம் நாடி இல்லை, ஆழம் மட்டும் கீழ போகுது. அது அவரு இல்லீங்க. கையை உருவினப்ப அறுந்துக்கிட்டு வலையோட போன வாட்ச் மட்டும். அவரு மேல வரத்தான் பாத்திருக்காரு. இன்னும் இருபது செகண்டுதான் பாக்கி."

"அதுக்கு நீங்க ஏன்..."

"அந்த இருபது செகண்டுக்காகத்தான்." அவனுக்கே சொல்ல வெட்கமாக இருந்தது. "வாட்ச்ல அப்படியே நின்னுபோயிருந்துச்சுங்க, இருபதுன்னு. எனக்குத் தூக்கம் புடிக்கலை. கடல் விட்ட ஞாயித்துக்கிழமையில எல்லாம் இதைக் கட்டிக்கிட்டு அங்க எறங்குவேன், மத்த நாள் வேலைக்கு இதைத் தண்ணியில எறக்கறதில்ல. மேல வர்றப்ப அஞ்சு மீட்டர்ல என் மூணு நிமிஷத்தை நிப்பேன். அப்புறம் அவருக்காக இருபது செகண்டு ஜாஸ்தி நிப்பேன். பைத்தியம்னு நெனைக்காதீங்க... அந்த இருபது செகண்டும் பக்கத்துல தண்ணி சில்லுன்னு ஆயிடும். யாரோ நிக்கிற மாதிரி."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இளமதியின் கை மயிர் குத்திட்டு நின்றது.

அப்போது போன் அடித்தது. மணி பதினொன்று.

கதிரவன் போனை அவளிடம் நீட்டினான். அது அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு ரிங், இரண்டு, மூன்று... பதினோரு மாதத்தில் முதல் தடவையாக இளமதி பச்சையைத் தொட்டாள். அந்தப் பக்கம் மூச்சு நின்றது கேட்டது.

"அம்மா, நான்தாம்மா. போனை வெச்சிடாத. அண்ணன்... அண்ணன் வேணும்னு போகலைம்மா. மேல வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. வாட்ச்ல இருக்கும்மா, நான் பாத்தேன்."

பிறகு ஜெயராணியின் குரல் ஒரு குழந்தையின் குரல் மாதிரி வந்தது. "அப்ப... என் புள்ள வீட்டுக்கு வரத்தான் பாத்தானா?"

"ஆமாம்மா. வரத்தான் பாத்துச்சு."

மறுநாளிலிருந்து பதினோரு மணிக்கு அந்த போன் அடிக்கவில்லை. அம்மா முன்னாலேயே உலை வைத்துவிட்டாள்.

*

அதற்கப்புறம் என்ன? பஸ்தான்!

கதிரவனுக்கு வாரத்துக்கு ஒருமுறை கடலூரில் காற்று பிடித்தால் போதும். ஆனால் சிலிண்டர் நிரம்பிக் கிடக்கிற நாளிலும் அதைத் தூக்கிக்கொண்டு கடலூர் வந்தான். ஏழே முக்கால் பஸ்ஸில் கடைசி சீட்டில் சிலிண்டரை உட்கார வைத்து இடம் பிடித்தான். "காத்துக்கு ஒரு டிக்கெட், காத்திருக்கறவனுக்கு ஒரு டிக்கெட்டா?" என்று கண்டக்டர் கேட்கும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

"நெஜமா இன்னைக்குக் காத்து புடிக்கத்தான் வந்தீங்களா?"

"பின்ன? அன்னங்கோயில் காத்து சரியில்லைங்க... மூச்சு முட்டுது."

சிரிப்பாள். முட்லூர் வந்ததும் சிரிப்பு போய்விடும். அவன் இறங்கிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மணிக்கட்டு வெளுப்பு கண்ணுக்குள் வரும். ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"இந்த வேலையை விட்டுடுங்களேன்."

"அறுந்த வலை இன்னும் அங்க கெடக்குதுங்க. நான் விட்டா இன்னொரு வீட்டுப் புள்ளை மாட்டும்."

"எங்க வீட்ல ஒருத்தரைக் குடுத்தாச்சு. இன்னொரு தடவை கரையில நின்னு காத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இன்னொரு தடவையா? அப்படியானால் இவன் யார் அவளுக்கு? முகம் குப்பென்று சிவந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு குறும்பாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "என்னால பொய் சொல்ல முடியாதுங்க. விட மாட்டேன்," என்றான். அவ்வளவுதான், ரோஷம் வந்துவிட்டது அவளுக்கு. மறுநாள் எட்டே கால் பஸ்ஸில் போனாள். அதற்கு மறுநாளும். அதற்கு மறுநாளும்தான்!

முடிச்சை அவிழ்த்தது அம்மா. அலமாரியிலிருந்து வாட்சை எடுத்து வந்து மகள் கையில் வைத்தாள்.

"அந்தத் தம்பிகிட்டக் குடுத்துடு. இங்க பூட்டி வெச்சா இதுவும் செத்துதான் கெடக்கும். அவன் கையில இருந்தா, எப்ப மேல வரணும்னாவது சொல்லும்."

"அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்குந்தான். அதுக்கு அவனைப் பாக்காம இருந்துட்டா பயம் போயிடுமா?"

*

இளவரசு போய் ஒரு வருஷம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை. பக்கிரியின் படகு இளமதியையும் கதிரவனையும் ஏற்றிக்கொண்டு அந்தப் புள்ளிக்கு வந்து நின்றது. காற்றில்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல் அசையாமல் கிடந்தது. கரை தெரியவில்லை. பேசினால் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போல மூன்று பேரும் தணிந்தே பேசினார்கள்.

கதிரவன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டான். காற்று அளக்கும் முள்ளைத் தட்டிப் பார்த்தான். "வாட்சுக்கு எல்லாம் தெரியும். எங்கிட்டக் காத்து எவ்ளோ இருக்குன்னு மட்டும் தெரியாது. அதுக்கு இந்த முள்ளுதான்," என்றான். இளமதி கொண்டு வந்து கொடுத்த வாட்சில் சார்ஜ் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பச்சை நூலை இறுக்கினான். இளமதியின் கையில் இருந்த போனில் சிவப்பு இதயம் துடித்தது. 76.

விளிம்பில் உட்கார்ந்து அவளைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லட்டும் என்று பார்த்தான்.

போன வருஷம் இதே ஞாயிறு அவள் என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"போயிட்டு... வாங்க."

"வர்றேன்," என்றான். பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். தண்ணீர் மூடிக்கொண்டது. போனில் இரண்டு கோடுகள்.

"இனிமே ஒண்ணும் காட்டாதும்மா," என்றார் பக்கிரி. "ஒரு மொழம் தண்ணி போதும், சிக்னல் அறுந்துடும்."

குமிழிகள் வந்தன. நகர்ந்தன. இருபது நிமிஷம்... இருபத்தைந்து... பிறகு குமிழிகள் படகுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வந்து வெடிக்கத் தொடங்கின. ஐந்து மீட்டரில் நிற்கிறான். இளமதி எண்ணத் தொடங்கினாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இரண்டு நாற்பது... மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நிமிஷம். இனி அண்ணனின் இருபது விநாடி.

அவள் கையில் போன் அதிர்ந்தது.

'உங்கள் வாட்ச் இணைந்தது.'

வந்துவிட்டான்! எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. கீழே குமிழிகள் அங்கேயேதான் வெடித்துக்கொண்டிருந்தன. போனைப் பார்த்தாள். சிவப்பு இதயம் அவசரமே படாமல் துடித்துக்கொண்டிருந்தது.

58.

அவளால் கத்த முடியவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை. 58... 58... 58... ஆயிரம் தடவை பார்த்துப் பழகிய துடிப்பு. பக்கிரி எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா," என்றாள் இளமதி. "ஸ்கூட்டர் உன்னுதுதான்ணா. நீயே வெச்சுக்க. நான் சும்மா கத்தினேன்ணா..."

இருபது விநாடி. எண் மறைந்தது. அது மறைந்த மறுநொடி தண்ணீரைப் பிளந்துகொண்டு கதிரவனின் தலை மேலே வந்தது. போன் மறுபடி அதிர்ந்தது. 104.

மாமா கை கொடுத்து ஏற்றினார். கதிரவன் பலகையில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினான். அவள் அழுவதைப் பார்த்துப் பதறிவிட்டான். நடந்ததைச் சொன்னாள். அவன் போனை வாங்கி இப்போது இறங்கிய பதிவைத் திறந்தான். அந்த இருபது விநாடியில் அவனுடைய துடிப்பு எண்பத்து மூன்று. கடைசிவரை எண்பதுக்குக் கீழே போகவே இல்லை.

"நான் நடுவுல மேல வரவே இல்லைங்க," என்றான் மெல்ல. "ஆனா ஒண்ணு. எப்பவும் அந்த இருபது செகண்டு தண்ணி சில்லுன்னு ஆகும்னு சொன்னேன்ல? இன்னைக்கு ஆகலை. வெதுவெதுன்னு இருந்துச்சு. பக்கத்துல யாரும் இல்லை. போயிட்டாருன்னு தோணுச்சு."

படகு தானாக மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. மேகம் விலகி அவன் ஈரத் தோளில் வெயில் விழுந்தது. இளமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"நூத்திப் பன்னெண்டு... ஏன் இப்படி அடிக்குது?"

"நீந்தி வந்தேன்ல, அதான்."

அவள் காத்திருந்தாள். இ.சி.ஜி. எடுக்கிறவளிடமா விளையாட்டு? ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தாள். "நூத்திப் பதினெட்டு. உக்காந்து எவ்ளோ நேரம் ஆச்சு? இன்னும் நீந்தறீங்களா?"

கதிரவன் கடலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். மாமா கர்மசிரத்தையாக என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தான்.

"உங்களைப் பாத்தா இப்படித்தாங்க. பஸ்லயே இப்படித்தான். நீங்க திருடன்னு திட்டினப்பவும் எறங்கலை, பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. இந்த வேலையை விட முடியாது. ஆனா ஒவ்வொரு தடவையும் திரும்பி வருவேன். அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னு, நிதானமா, முழுசா வருவேன். அதுக்கு மேல என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலைங்க."

இளமதி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பிறகு பச்சை நூலை அவிழ்த்தான். வாட்சை எடுத்து அவள் மணிக்கட்டில் வைத்துக் கட்டினான். அவன் விரல் பட்டதும் அவள் கை சிலிர்த்தது. போனைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டான்.

முதலில் இரண்டு கோடுகள். பிறகு இதயம் துடித்தது.

"நூத்தி முப்பத்தொண்ணு!" என்றான் கதிரவன். "ஏங்க... நீங்க தண்ணியிலயே எறங்கலையே?"

"சீ, குடுங்க அதை!" பிடுங்கப் போனாள். அவன் கையை உயரத் தூக்கிக்கொண்டான். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? "எனக்கும்தான் புடிச்சிருக்கு. ரொம்பப் புடிச்சிருக்கு. போதுமா? ஒவ்வொரு தடவையும் போயிட்டு வாங்கன்னு சொல்லுவேன். வந்துடணும்," என்றாள். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பக்கிரி என்ஜினைக் கிளப்பினார். கரை வந்து சேரும் வரை கதிரவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தான். அது இறங்கவே இல்லை.